வாலஸ் ஏக்ராய்ட்

வாலஸ் ரடெல் ஏக்ராய்ட் (1899 – 1979) ஓர் ஊட்டச்சத்து அறிவியலாளர் ஆவார். 1935 முதல் 1945 வரை குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்களின் இயக்குநராகப் பணியாற்றினார். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் உறுப்பினராகவும், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநராகவும் இருந்தார்.

தொடக்க காலம்

அயர்லாந்திலுள்ள டப்ளின் நகரில் பிறந்த இவர், அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1920களில் நியூபவுண்ட்லாந்தில் மருத்துவராக இருந்தபோது, தீட்டிய வெள்ளை மாவையே பெரிதும் நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்களில் பெரிபெரி நோய் காணப்படுவதை ஆராய்ந்தார். 1931இல் நாடுகளின் சங்கத்தின் நலவாழ்வுப் பிரிவில் சேர்ந்தார். எட்டியென் பர்னே என்பவருடன் இணைந்து எழுதிய ஊட்டச்சத்தும் பொதுச் சுகாதாரமும் பற்றிய அறிக்கை 1935இல் வெளிவந்தது. உணவுப் பற்றாக்குறையை மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றி, வறுமையோடு தொடர்புடைய சமூகச் சிக்கலாகவும் அவ்வறிக்கை நோக்கியது.

குன்னூரில்

குன்னூர் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்த இராபர்ட் மெக்காரிசன் 1935இல் ஓய்வு பெற்றபின், அப்பொறுப்பை ஏக்ராய்ட் ஏற்றார். அரிசி, கேழ்வரகு, கம்பு, பருப்பு, கீரை, மீன் முதலிய இந்திய உணவுப் பொருட்களின் சத்துகள் அங்கு பகுத்தாராயப்பட்டன. அம்முடிவுகள் 1937இல் நலவாழ்வு வெளியீடு எண் 23 என்னும் சிறுநூலாக வந்தன. குறைந்த செலவில் நிறைவான உணவைத் திட்டமிட மருத்துவர்களுக்கும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும் உதவுவதே அதன் நோக்கம்.

அரிசி பற்றிய விரிவான ஆய்வை பி. ஜி. கிருஷ்ணன் உள்ளிட்டோருடன் இணைந்து 1940இல் வெளியிட்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. அதனால் ஆலையில் தீட்டிய பின்னும் புழுங்கலரிசியில் அச்சத்து ஓரளவு எஞ்சுகிறது. பச்சரிசியில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்ததற்கும், புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிதாக இருந்ததற்கும் இதுவே காரணமாகும்.

வழக்கமான அரிசி உணவோடு ஆடை நீக்கிய பாலும் பெற்ற சிறுவர்கள் உயரத்திலும் எடையிலும் கூடுதலாக வளர்ந்ததை இவரும் கிருஷ்ணனும் 1937இல் காட்டினர்.

வங்காளப் பஞ்சம்

1944இல் ஜான் உட்ஹெட் தலைமையில் அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் குழுவில் ஏக்ராய்ட் இடம்பெற்றார். 1945இல் வெளியான அறிக்கை அரசுகளின் தவறுகளைச் சுட்டிக்காட்டியதோடு, பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் சுமார் 15 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. இம்மதிப்பீட்டை ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள், இறந்தோர் தொகை 20 இலட்சத்துக்கும் மேல் என்றும், சிலர் 30 இலட்சத்துக்கும் மேல் என்றும் கணித்தனர்.

ஏக்ராய்டும் தம் குழுவின் எண்ணிக்கையை இறுதிவரை காத்து நிற்கவில்லை. 1974இல் வெளியான பஞ்சத்தை வெல்லுதல் பற்றிய தமது நூலில், அது குறைவான மதிப்பீடே என்றும், ஊரைவிட்டு வெளியேறிச் சாலையோரங்களில் மடிந்தோர் அதில் போதிய அளவு கணக்கில் வரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

பிற்காலம்

1946 முதல் 1960 வரை உணவு வேளாண்மை அமைப்பில் பணியாற்றினார். பின்னர் இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கற்பித்தார். கரும்புச் சர்க்கரைக்கும் அடிமை முறைக்கும் உள்ள தொடர்பைக் கூறும் நூலொன்றை 1967இல் எழுதினார். 1979இல் காலமானார்.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1937ஆம் ஆண்டுச் சிறுநூலின் வழிவந்த விரிவான உணவுச்சத்து அட்டவணையை சி. கோபாலன் முதலியோர் 1971இல் வெளியிட்டனர். புதிய பகுப்பாய்வுகளின் அடிப்படையில் அமைந்த அட்டவணையை அந்நிறுவனம் 2017இல் வெளியிட்டது.