எல்விஸ் பிரெஸ்லியின் கடைசிக் கச்சேரி

எல்விஸ் பிரெஸ்லியின் பெயரை அறியாதார் நம் பல்கலைக் கழக விடுதிகளில் இலர். அவருடைய கிருதாவையும், மணி பதித்த வெள்ளை உடையையும் படத்தில் கண்டவர் பலர். வாழ்க்கையை அறிந்தவர் சிலரே. விற்ற இசைத்தட்டுகளின் கணக்கைக் கொண்டு அந்த வாழ்க்கையை நான் சொல்லப் போவதில்லை. அவர் குரல் முதன்முதலாக ஒரு தட்டில் ஏறியது எப்படி, அவருடைய கடைசிக் கச்சேரி ஒரு நாடாவில் தங்கியது எப்படி என்னும் இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொண்டே சொல்ல விரும்புகிறேன். முதலாவதற்கு அவரே காசு கொடுத்தார். மற்றது அவரைக் கேளாமலே நடந்தது.

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டூப்பலோ என்னும் சிற்றூரில், 1935 ஜனவரி 8-ஆம் நாள் பிறந்தார் எல்விஸ். இரட்டைப் பிள்ளைகளில் இவர் இளையவர். மூத்தது உயிரின்றியே பிறந்தது. வீட்டில் இரண்டே அறைகள். அதையும் தந்தை வெர்னான் 180 டாலர் கடன் வாங்கித்தான் கட்டியிருந்தார். பிள்ளைக்கு மூன்று வயதானபோது, ஒரு காசோலையைத் திருத்திய குற்றத்திற்காகத் தந்தை சிறை சென்றார். வீடும் கைவிட்டுப் போயிற்று. தாய் கிளாடிஸுக்கு அந்த ஒரு பிள்ளையே உலகம்.

1948-இல் குடும்பம் பிழைப்புத் தேடி மெம்பிஸ் நகரம் சென்றது. ஏழைகளுக்காக அரசாங்கம் கட்டியிருந்த குடியிருப்பில் பிறகு இடம் கிடைத்தது. தேவாலயத்தில் பக்திப் பாட்டு, வானொலியில் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டு, பீல் தெருவில் கறுப்பின மக்களின் புளூஸ் ஆகிய மூன்றும் அந்த இளைஞனின் காதில் பிரிக்க இயலாதபடி கலந்தன.

யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில் சாம் பிலிப்ஸ் என்பவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தி வந்தார். காசு கொடுத்தால் யார் பாடினாலும் தட்டில் பதித்துக் கொடுப்பார்கள். 1953 கோடையில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, எல்விஸ் ஏறத்தாழ நான்கு டாலரை எடுத்துக்கொண்டு அங்கே போனார். இரண்டு பாட்டுப் பாடி, ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டைப் போட்டுக் கேட்க அவர் வீட்டில் கிராமபோன் இல்லை. பள்ளித் தோழர் ஒருவர் வீட்டில் கேட்டுவிட்டு, அங்கேயே விட்டுவிட்டார். தோழர் அதைப் பல பத்தாண்டுகள் காத்து வைத்திருந்தார். 2015-இல் அது 3,00,000 டாலருக்கு ஏலம் போயிற்று!

1954 ஜூலை 5-ஆம் நாள் இரவு, அதே கூடத்தில், ஸ்காட்டி மூர் கித்தார் வாசிக்க, பில் பிளாக் பெரிய பாஸ் வாத்தியத்தை இசைக்க, எல்விஸ் ஒரு பழைய புளூஸ் பாட்டைத் துள்ளலாகப் பாடினார். சில நாட்களுக்குள் மெம்பிஸ் வானொலி அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாட்டுக்கு உரியவர் ஆர்தர் குருடப் என்னும் கறுப்பினப் பாடகர். பாட்டு எல்விஸின் பெயரை நாடறியச் செய்தது. குருடப்போ உரிய தொகையைக் காணாமலே 1974-இல் மறைந்தார். எல்விஸ் அந்த மக்களின் இசையைத் திருடினார் என்பாரும் உண்டு. நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். யாரிடம் கற்றோம் என்பதை அவர் மறைத்ததில்லை. ஆனால் வெள்ளையர் வாயால் வந்தால்தான் கல்லாப்பெட்டி திறக்கும் என்றிருந்த காலத்தின் பயனை அவர் முழுக்க அனுபவித்தார் என்பதில் ஐயமில்லை.

1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 35,000 டாலர் கொடுத்து அவருடைய ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கியது. பேரத்தை முடித்தவர் கர்னல் டாம் பார்க்கர். இவர் உண்மையில் கர்னலும் அல்லர், பார்க்கரும் அல்லர். ஹாலந்து தேசத்திலிருந்து சத்தமின்றி வந்து குடியேறியவர். 1956-இல் தொலைக்காட்சி எல்விஸை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. 1958-இல் பட்டாளத்திற்கு அழைப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாய் இறந்தார். அந்தத் துயரிலிருந்து அவர் மீளவே இல்லை என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். திரும்பி வந்தபின் படம் மேல் படமாக நடித்தார். மொத்தம் 31 படங்கள். பெரும்பாலானவற்றைப் பற்றிப் பேசாதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. 1961-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கச்சேரி மேடையே ஏறவில்லை. 1969 ஜூலை 31-ஆம் நாள் லாஸ் வேகாஸில் மீண்டும் ஏறினார். அன்று முதல் இறக்கும் வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள்! கானடாவில் 1957-இல் பாடியது தவிர, வெளிநாட்டு மேடை எதையும் அவர் கண்டதில்லை. பார்க்கரிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு இல்லாததே காரணம் என்பர்.

1973-ஆம் ஆண்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜனவரியில் ஹவாய்த் தீவிலிருந்து அவர் பாடிய கச்சேரி செயற்கைக் கோள் வழியாகப் பல நாடுகளுக்கு ஒளிபரப்பாயிற்று. மார்ச்சில், அதுவரை பதிந்த பாட்டுகள் அனைத்துக்கும் எதிர்காலத்தில் வர வேண்டிய உரிமைத் தொகையை, 54 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ.வுக்கே விற்றுவிட்டார்கள். அதில் பாதி பார்க்கருக்கு. அக்டோபரில் மணவிலக்கு. நான்கு டாலர் கொடுத்துத் தன் குரலைத் தானே வாங்கிய பையன், இருபது ஆண்டுகளில் தன் குரலின்மேல் வருங்காலப் பாத்தியதை இல்லாதவர் ஆகிவிட்டார்.

இனி அந்த நாடாவுக்கு வருவோம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட காசெட், எழுபதுகளில் ஒலிப்பதிவைக் கைக்குள் அடக்கிவிட்டது. கைப்பையிலோ கோட்டுக்குள்ளோ கருவியை மறைத்துக்கொண்டு ரசிகர்கள் அரங்கில் நுழைந்தார்கள். அத்தகைய பதிவுகளை எனக்கு அறிமுகப்படுத்தியவன் ஷில்லாங்கைச் சேர்ந்த என் அறைத்தோழன். முதலில் கேட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் இருந்தது. அவன் பொறுமையாகக் கேட்கக் கற்றுக் கொடுத்தான். ஒலிபெருக்கியிலிருந்து நேரே வரும் ஒலியோடு, சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் ஒலியும் கலந்து நாடாவில் விழுகிறது. மலிவான கருவிகளில் ஒலியளவு தானே ஏறி இறங்கும். பக்கத்தில் ஒரு பெண் கூவினால் கருவி அஞ்சி அளவைக் குறைக்கும், பாடகர் குரல் அமிழ்ந்துவிடும், பிறகு மெல்ல மேலே வரும். பாட்டின் நடுவே காரணமின்றிக் கூச்சல் எழுந்தால், கழுத்துத் துணியை எடுத்து யாருக்கோ எறிந்திருக்கிறார் என்று பொருள். காசெட்டின் ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போடும் நேரத்தில் சில நொடிகள் பறிபோகும். மின்கலம் சோர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். பின்னாளில் சரியான வேகத்தில் போடும்போது பாட்டு விரைந்து, சுருதி உயரும்.

இத்தனை குறைகளோடும் அந்நாடாக்களைத் தேடுவானேன்? 1977 ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை இரவு, இண்டியானாபோலிஸ் நகரத்து மார்க்கெட் ஸ்குவேர் அரங்கில் எல்விஸ் பாடினார். ஏறத்தாழ 18,000 பேர் திரண்டிருந்தார்கள். ஆர்.சி.ஏ.யின் இசைத்தட்டு ஆலை அதே நகரத்தில் இருந்தது. ஆனால் நிறுவனத்தின் பதிவு என்று அந்தக் கச்சேரிக்கு எதுவும் வெளிவரவில்லை. அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி என்று யாருக்குத் தெரியும்? நமக்குக் கிடைப்பது சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் திருட்டுத்தனமாக எடுத்த பதிவே.

ஒரு வாரத்திற்கு முன் ஒமாஹாவிலும் ரேபிட் சிட்டியிலும் தொலைக்காட்சி நிறுவனம் அவரைப் படம் பிடித்தது. அந்தப் படத்தில் உடல் பருத்து, முகம் வீங்கி, வியர்வை வழிய நிற்கும் மனிதரைத்தான் கண் பார்க்கிறது. காதுக்கு வேலை குறைந்துவிடுகிறது. இண்டியானாபோலிஸ் நாடாவில் முகம் இல்லை. வெள்ளப் பெருக்கின்மேல் பாலமாவேன் என்னும் கருத்துடைய சைமன்–கார்ஃபங்கல் பாட்டை அவர் எடுக்கும்போது, அரங்கின் எதிரொலிக்கு ஊடே குரல் தடுமாறாமல் மேலே ஏறுகிறது. தம் தந்தையை அவையோருக்கு அறிமுகம் செய்கிறார். கூட்டம் ஆரவாரிக்கிறது. சிறைப்பட்ட அந்த வெர்னானை எண்ணாமல் அந்தக் கைதட்டலை என்னால் கேட்க முடியவில்லை. நோயாளி ஒருவரின் முடிவு என்றே எல்லோரும் எழுதும் அந்த மாதத்தில், பாடகர் ஒருவரும் இருந்தார் என்பதற்கு இந்த நாடா சாட்சி.

நண்பர்களே, இது களவு அல்லவா என்று சட்டம் பயிலும் அன்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. கலைஞரின் இசைவின்றி மேடைக் கச்சேரியைப் பதிவதற்கு எதிரான தேசியச் சட்டம் அமெரிக்காவில் 1994-இல் வந்தது. அதே ஆண்டு நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, மேடைக் கலைஞர்களுக்கு உரிமை அளித்தது. இத்தகைய நாடாக்களைத் தட்டாக அச்சிட்டுக் காசு பார்த்த கள்ளவணிகர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் விலை பேசாமல் ஒருவருக்கொருவர் படியெடுத்துக் கொடுத்துக்கொண்ட ரசிகர்களை அந்தக் கூண்டிலேயே ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எதிர்கால உரிமைத் தொகையைத் தள்ளுபடி விலைக்கு விற்க ஏற்பாடு செய்தவர் சட்டப்படியே செய்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 17-ஆம் நாள் போர்ட்லந்தில் அடுத்த சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது. 16-ஆம் நாள் பிற்பகல், மெம்பிஸில் தம் கிரேஸ்லாண்டு மாளிகைக் குளியலறையில் எல்விஸ் உயிரின்றிக் கிடந்தார். வயது 42. அந்த ஆண்டு மட்டும் அவருக்கென்று எழுதப்பட்ட மருந்து 10,000 வேளைக்கு மேல் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தொலைக்காட்சிப் படம் அக்டோபர் 3-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. வெர்னான் 1979-இல் காலமானார்.

மார்க்கெட் ஸ்குவேர் அரங்கை 2001-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கச்சேரி நடந்ததைக் குறிக்கும் ஒரு நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. என் அறைத்தோழன் அந்த நாடாவை இப்போதும் இரவில்தான் போடுகிறான். விளக்கை அணைத்துவிட்டு, பாட்டு முடிந்தபின் கைதட்டல் ஓயும் வரை நிறுத்துவதில்லை.