ஜோஸபின் பட்லர் அம்மையார்

குலமகளிர் வாயினால் உரைக்கவும் தகாதென உலகத்தார் விலக்கிவைத்த விஷயங்களுள் மேகநோயும் ஒன்று. அதனைக் குறித்துப் பொதுமேடைகளில் அஞ்சாது பேசிய பெண்மணிகளுள் தலைசிறந்தவர் ஜோஸபின் பட்லர் அம்மையார்.

இவர் 1828-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியாகிய நார்தம்பர்லாந்தில் பிறந்தார். தந்தையார் ஜான் கிரே, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்டவர். அநீதி கண்டு பொறாத உள்ளமே மகளுக்கு அவர் அளித்த சீதனம் எனலாம். 1852-இல் ஜார்ஜ் பட்லர் என்னும் கல்விமானை மணந்தார். 1864-இல் இவர்தம் ஒரே மகள் ஈவா மாடியினின்று வீழ்ந்து இறந்தாள். ஆற்றொணாத் துயருற்ற அம்மையார், தம்மினும் துயருற்றோரைத் தேடிச் செல்வதிலே ஆறுதல் நாடினார். கணவர் கல்லூரித் தலைவராக அமர்ந்த லிவர்ப்பூல் நகரில், ஏழையர் விடுதிக்குச் சென்று, அங்கே பழங்கயிறு பிரிக்கும் பெண்களோடு தாமும் தரையிலமர்ந்து கயிறு பிரித்தார். நோயுற்று ஆதரவற்ற பெண்கள் சிலரைத் தம் இல்லத்திற்கே அழைத்துவந்து பேணினார்.

அக்காலத்தில் படைவீரரிடையே மேகநோய் மிகுந்தமையால், 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் பார்லிமெண்டு சட்டங்கள் இயற்றியது. அவற்றின்படி, படைத்தளங்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், பரத்தையெனப் போலீசார் ஐயுற்ற எந்தப் பெண்ணையும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். நோயுண்டெனின் ஒன்பது மாதம் வரை மருத்துவமனையில் அடைத்துவைக்கலாம். நோயைக் கொடுத்தும் பெற்றும் வந்த ஆடவரையோ எவரும் பரிசோதித்தாரில்லை. இருவரால் பரவும் பிணிக்கு ஒருவரை மட்டும் அடைத்தால் அது தீருவதெங்ஙனம்?

1869-இன் இறுதியில் இச்சட்டங்களை எதிர்த்து எழுந்த மாதர் சங்கத்திற்கு அம்மையார் தலைமை பூண்டார். ஊரூராகச் சென்று, இவை யாதென்று அறியாதிருந்த மாதருக்கு உண்மையை விளக்கினார். நாணமற்றவளென்று பலர் ஏசினர். 1870-இல் கால்செஸ்டர் நகரத்துத் தேர்தலின்போது முரடர்கள் அவரைத் தேடித் திரிந்தனர். அவர் தங்கிய விடுதியையும் தாக்க முற்பட்டனர். தம் உத்தியோக உயர்வுக்கு ஊறு நேருமென அறிந்தும் கணவர் அவருக்குத் துணைநின்றார். பதினாறாண்டு உழைப்பின் பயனாக, 1883-இல் நிறுத்திவைக்கப்பட்ட சட்டங்கள் 1886-இல் அடியோடு நீக்கப்பட்டன. இந்தியாவில் 1868-இல் இயற்றப்பட்ட அத்தகைய சட்டமும் 1888-இல் நீக்கப்பட்டது. எனினும், இந்நாட்டுப் படைவீடுகளில் அவ்வழக்கம் மறைவாக நீடித்ததை அறிந்து, முதுமையிலும் அதனைக் கண்டித்தார். 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மேகநோய்களுள் ஒன்றான கிரந்தியின் கிருமி 1905-இல்தான் கண்டறியப்பட்டது. பிற்காலத்தே பென்சிலின் மருந்தால் அந்நோய் குணமாகும் நிலையும் வந்தது. ஆயினும் மேகநோய்கள் பெண்களிடத்தே பெரும்பாலும் குறிகாட்டாது மறைந்திருக்கும், பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும், கிரந்தியோ கருவிலுள்ள சிசுவையும் பற்றும். கணவனிடமிருந்தே நோய் பெற்ற பத்தினிப் பெண்டிரும் பலர். ஆதலின், கருவுற்ற காலத்தே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், நோயெனின் கணவன் மனைவி இருவரும் ஒருங்கே மருந்துண்பதும் இன்றியமையாதன. பெண்ணின் அறியாமை அவள் கற்புக்கு அரணன்று; நோய்க்கே அரணாம். இதனை உணர்ந்து, கற்றவர் தம் இல்லத்து மகளிர்க்கு இவ்வுண்மைகளைக் கூசாது எடுத்துரைப்பாராயின், அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.