ஸ்காட்லாந்துச் சாலையில் ஒரு வங்காளி

வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு ஒன்று தெரியும். வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். ஆனி, ஆடி பிறந்துவிட்டால் சாரல் முகத்தில் அடிக்கும். கால் கடுக்கும். ஆனாலும் இறங்க மனம் வராது!

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. அங்கும் மலை, ஏரி, தூறல்தான். சாலையோ ஏற்றமும் இறக்கமும். குளிர் மட்டும் எலும்பைத் துளைக்கும். சைக்கிளுக்கும் அந்த நாட்டுக்கும் உறவு உண்டு. காற்றடைத்த டயருக்கு 1888-ல் உரிமை பெற்ற டன்லப் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்தான்.

அந்த நாட்டில் 1930-களின் நடுவில் ஓர் இந்தியர் சைக்கிள் மிதித்தார். அவர் பெயர் ராம்நாத் விசுவாஸ். வங்காளத்தில் புகழ் பெற்றவர்.

எட்டாம் வகுப்போடு சரி

1894-ம் ஆண்டு, சில்ஹெட் பகுதியில் பனியாசங் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை இறந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வேலை பார்த்த இடத்தில் மோட்டார் ஓட்டவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

விடுதலைக்காக ரகசியமாக இயங்கிய அனுசீலன் சமிதியில் சேர்ந்தார். விஷயம் வெளியே தெரிந்தது. வேலை போயிற்று.

முதல் உலகப் போர் வந்தது. வங்காளப் பட்டாளத்தில் சேர்ந்து மெசபடோமியாவுக்குப் போனார். வெள்ளையரை விரட்டப் புறப்பட்டவர் வெள்ளையரின் பட்டாளத்தில்! காலத்தின் கோலம் அது. 1924-ல் மலேயாவில் பிரிட்டிஷ் கடற்படையில் வேலை கிடைத்தது.

இரண்டு போர்வை, ஒரு செருப்பு

1931 ஜூலை 7-ந் தேதி சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். நம் கடையநல்லூர்க்காரர்கள் பலர் பிழைக்கப் போன அதே சிங்கப்பூர்தான். கையில் என்ன இருந்தது? இரண்டு போர்வை, ஒரு ஜோடிச் செருப்பு, சைக்கிள் பழுது பார்க்கும் சாமான் பெட்டி. அவ்வளவே!

உலகம் சுற்றும் இந்து யாத்ரீகர் என்று எழுதி வைத்துக்கொண்டார். அந்நாளில் வெளிநாட்டார் பலர் இந்தியர் எல்லோரையுமே இந்து என்றுதான் சொல்வார்கள்.

மலேயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான், கனடா. 1934-ல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டே மறுபடியும் புறப்பட்டார்.

இந்தத் தடவை மேற்கே. ஆப்கானிஸ்தான், பாரசீகம், ஈராக், சிரியா, துருக்கி, பிறகு ஐரோப்பா. கடைசியில் நம்மை ஆண்டவர்களின் நாடு! அடிமை நாட்டுக் கிராமத்துப் பிள்ளை இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் தன் கால் பலத்தில் சுற்றிப் பார்த்தார்.

ஆனால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பாலைவனத்து வெயிலிலும் ஐரோப்பாக் குளிரிலும் அலைந்த உடம்பு. பிரிட்டனில் உடல்நிலை மிகவும் மோசமாயிற்று. 1936-ல் லண்டனிலிருந்து கப்பலில் பம்பாய் வந்து சேர்ந்தார்.

இனி வீட்டோடு இருப்பார் என்றுதானே நினைப்போம்? உடம்பு தேறியதும் 1938-ல் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்! கென்யா, உகாண்டா வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை போனார். அப்புறம் அமெரிக்கா. 1940-ல்தான் திரும்பினார்.

கண்டதையெல்லாம் வங்காளியில் எழுதினார். பதிப்பாளர்கள் கைவிரித்தார்கள். மனிதர் அசரவில்லை, தாமே பதிப்பகம் தொடங்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. எட்டாம் வகுப்புப் படிப்புக்கு இது போதாதா?

1947-ல் நாடு பிரிந்தது. பனியாசங் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று; இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. 1952-ல் இரு நாடுகளுக்கும் இடையே பாஸ்போர்ட் முறையும் வந்துவிட்டது.

ராம்நாத் 1955 நவம்பர் 1-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.