ரயிலில் பாடிய கொடுமுடிக் குயில்

தம்பி, தங்கைகளே! தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் போகும்போது, யாராவது பாடிக்கொண்டே வந்து கை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ரயிலில் பாடிக் காசு சேர்த்த ஒரு சிறுமி, பின்னாளில் தமிழ்நாடே போற்றும் பாடகியானார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் கே.பி.சுந்தராம்பாள்!

காவிரிக் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமுடியில், 1908ல் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். அம்மா பாலாம்பாள் பிள்ளைகளை வளர்க்கப் படாத பாடுபட்டார். வீட்டில் பசி. சுந்தராம்பாளிடம் இருந்த ஒரே சொத்து, கணீரென்ற குரல். ரயிலில் ஏறிப் பாடினார். கிடைத்த காசு வீட்டுக்கு உதவியது. அந்தக் குரல் நாடகக்காரர்களின் காதுக்கும் எட்டியது. சிறுமி மேடையேறினார்.

அப்போது நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். சுந்தராம்பாளுக்கு அது பெரிய காரியமே இல்லை! கொழும்பு வரை அவர் புகழ் பரவியது. அங்கேதான் புகழ்பெற்ற பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். இருவரும் மணம் செய்துகொண்டனர். இந்த ஜோடியின் நாடகம் என்றால் கூட்டம் அலைமோதும்.

ஆனால், 1933ல் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயது 27தான். சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான் உடுத்தினார். எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அத்தோடு அவர் கதை முடிந்ததா? இல்லை!

1935ல், 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமிட்டு, நந்தனாராகவே நடித்தார். சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்தில் எல்லாரையும் வாய் பிளக்க வைத்த தொகை அது.

கதர் உடுத்தி, காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டுகள் பாடினார். தலைவர் பேசும் முன் இவர் பாட்டைக் கேட்கவே மக்கள் கூடினர். நாடு விடுதலை பெற்றபின், 1950களில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

1953ல், 'அவ்வையார்' படத்தில் தமிழ் மூதாட்டியாக நடித்தார். 1965ல், 'திருவிளையாடல்' படத்திலும் அவ்வையாராக வந்தார். 1970ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980ல் மறைந்தார்.

குட்டீஸ், ஒன்றைக் கவனித்தீர்களா? புகழ் அவரைத் தேடி வந்தது, துயரமும் வந்தது. இரண்டிலும் அவர் பாட்டை விடவில்லை. அடுத்த முறை ரயிலில் யாராவது பாடினால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தக் குரலிலும் ஒரு சுந்தராம்பாள் இருக்கலாம்!