தோற்ற நாட்டின் விஞ்ஞானி

லூயி பாஸ்டர் என்றவுடன் வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்போம். நீலகிரிக்குப் போன அன்பர்கள், குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தோன்றிய பாஸ்டர் நிலையத்தைக் கண்டிருக்கவும் கூடும். அந்தக் கதை எல்லோரும் அறிந்ததே. நான் சொல்லப் புகுவது, தம் நாடு போரில் தோற்றபோது அதன் காரணத்தைப் பாசறையில் தேடாமல் கல்விச் சாலையில் தேடிய பாஸ்டரைப் பற்றி.

பிரெஞ்சு நாட்டில் டோல் என்னும் ஊரில் 1822 டிசம்பர் 27-இல் அவர் பிறந்தார். தந்தை தோல் பதனிடுபவர்; நெப்போலியனின் படையில் சேவித்து வீரப் பதக்கம் பெற்றவர். மகனோ படிகங்களோடு போராடினார். 1848-இல், இன்று எனக்குள்ள வயதைவிட இரண்டே வயது மூத்தவராக இருந்தபோது, ஓர் உப்பில் இரு வகைப் படிகங்கள் கலந்திருப்பதையும், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்போல் இருப்பதையும் கண்டார். நுண்ணோக்கியின் துணையோடு அவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே பிரித்தெடுத்தார். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1857-இல் பாரிஸ் நகரத்து எகோல் நோர்மால் கல்லூரியில் விஞ்ஞானப் படிப்புகளின் தலைமை அவரிடம் வந்தது. பதவி பெரிது, ஆய்வுக்கூடம்தான் இல்லை. கூரையை ஒட்டி எலிகள் குடியிருந்த இரண்டு அறைகளைத் தாமே பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சிக்கென ஆண்டுக்கு 1,500 பிராங்கு கேட்டதற்கு, வரவு செலவுத் திட்டத்தில் அப்படி ஓர் இனமே இல்லையென்று அமைச்சர் கைவிரித்தார். பின்னர் ஒரு சிறு கட்டடம் கிடைத்தது. அங்கே வெப்ப அறையை மாடிப்படிக்கு அடியில் அமைத்தார். முழந்தாளிட்டுத்தான் அதற்குள் நுழைய முடியும். உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்று உலகுக்கு மெய்ப்பித்த குப்பிகள் இருந்த இடம் அதுதான்!

1868-இல் பொறுமை இழந்து, நாட்டின் ஆய்வுக்கூடங்களின் அவலத்தைக் கட்டுரையாக எழுதினார். அரசாங்க இதழ் அதை ஏற்கவில்லை, வேறிடத்தில் வெளியிட்டார். மூன்றாம் நெப்போலியன் மன்னர் படித்துப் பார்த்துப் புதிய கூடம் கட்ட இசைந்தார். வேலை தொடங்கிய சில நாளில், அக்டோபரில், பாஸ்டருக்குப் பக்கவாதம் கண்டது, இடப்பக்கம் செயலிழந்தது. கட்டட வேலையும் நின்றது. சாகப் போகிறவருக்குக் கூடம் எதற்கு என்று அதிகாரிகள் எண்ணினார்கள் போலும். செய்தி மன்னருக்கு எட்டிய பிறகே ஆட்கள் மீண்டும் வந்தார்கள்.

எதிர்ப்புறத்தில் பிரஷ்யாவைப் பாருங்கள். அங்கே 1763-லேயே கட்டாயக் கல்விச் சட்டம் பிறந்துவிட்டது. 1806-இல் யேனா களத்தில் நெப்போலியனிடம் நொறுங்கிப்போனவர்கள், 1810-இல் பெர்லினில் பல்கலைக் கழகம் கண்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தீர்ந்தது. 1870 செப்டம்பர் 2-இல் சேடான் களத்தில் பிரெஞ்சு மன்னரே சிறைப்பட்டார்.

1871 ஜனவரியில், பனி மூடிய சாலை வழியே, சிதறி ஓடிவரும் படையினரிடையே பாஸ்டர் தம் மகனைத் தேடிப் போனார். கால் சரியில்லாத தந்தை. போந்தார்லியே ஊரருகே, ஒரு வண்டியில் மகனை உயிரோடு கண்டார். அதே மாதத்தில்தான், பான் பல்கலைக் கழகம் தமக்கு அளித்திருந்த டாக்டர் பட்டத்தையும் திருப்பி அனுப்பினார். பட்டம் தந்த அறிஞர்கள் பீரங்கி வெடிக்கவில்லையே! இந்தக் கோபத்தை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை.

ஆனால் மார்ச்சில் அவர் எழுதிய கட்டுரை வேறு தரம். ஆபத்து வேளையில் பிரான்சில் பெரிய மனிதர்கள் ஏன் தோன்றவில்லை என்பதே கேள்வி. புரட்சிக் காலத்தில் நாடு சூழப்பட்டபோது மோஞ்சு, பெர்த்தொலே முதலியோர் வெடியுப்பும் எஃகும் செய்யும் வழி காட்டிக் காத்தனர். பின் ஐம்பது ஆண்டுகள் நாடு அரசியல் வாதத்தில் மூழ்கி விஞ்ஞானத்தைப் பட்டினி போட்டது. ஜெர்மனியோ பல்கலைக் கழகங்களைப் பெருக்கியது என்பது அவர் வாதம். தோல்விக்கு இது ஒன்றே காரணமன்று. தளபதிகளின் குழப்பமும், படை திரட்டுவதில் இருந்த சீர்கேடும் உண்டு. துப்பாக்கியைப் பொறுத்தவரை பிரெஞ்சுக்காரருடையதே மேல். எனினும் அவர்களுடைய வெண்கலப் பீரங்கி குருப்பின் எஃகுப் பீரங்கிக்கு முன் நிற்கவில்லை. அந்த எஃகு ஒரே நாளில் உருகியதா?

1881-இல் இலவசக் கல்வியும் 1882-இல் கட்டாயக் கல்வியும் பிரான்சில் சட்டமாயின. அல்சாசு மாநிலத்தோடு மூலூஸ் நகரின் ரசாயனப் பள்ளியும் கைவிட்டுப் போனதை ஈடுசெய்ய, பாரிஸ் நகரம் 1882-இல் பௌதிக ரசாயனப் பள்ளி ஒன்றைத் திறந்தது. பாஸ்டர் 1895-இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து அந்தப் பள்ளியில்தான் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டறிந்தார்கள். அதைப் பிரித்தெடுக்க அவர்களுக்குக் கிடைத்ததும் மழைக்கு ஒழுகும் ஒரு கொட்டகையே.