டாக்டர் ஹார்வி வைலி

நாள்தோறும் பால் அருந்தும் நாங்கள் டாக்டர் ஹார்வி வைலியின் பெயரை இவ்வாண்டுதான் அறிந்தோம். இவர் 1844-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். மருத்துவமும் வேதியியலும் கற்று, 1883-இல் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளரானார்.

அக்காலத்தில் அங்கே உணவுக் கலப்படத்தைத் தடுக்க நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை. பால் கெடாதிருக்கப் பார்மலின் கலந்து விற்றார்கள். ஆய்வுக்கூடச் சாடியில் தவளையைப் போட்டு வைத்திருக்கிறோமே, அதே பார்மலின்தான்! குழந்தைகள் அதைக் குடித்தார்கள் என்று படித்தபோது எங்கள் மனம் பதறியது.

இவை தீங்கானவை என்பதை மெய்ப்பிக்க விரும்பிய வைலி, 1902-இல் பன்னிரண்டு இளைஞர்களைத் திரட்டினார். மூன்று வேளையும் இலவச உணவு. ஆனால் அதனுடன் முதலில் வெண்காரம், பின்னர் பார்மலின் போன்றவை கொடுக்கப்பட்டன. அவர்கள் தெரிந்தே உண்டார்கள். தலைவலியும் வயிற்றுவலியும் வந்தன. பத்திரிகைகள் அவர்களை நஞ்சுப் படை என்று அழைத்தன. மனிதரை இப்படிச் சோதித்தது முறையா என்று எங்கள் வகுப்பில் எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

சட்டம் வேண்டுமென்று பெண்கள் சங்கங்களும் ஊர்தோறும் குரல் எழுப்பின. அப்பெண்களில் பெரும்பாலோருக்கு அன்று வாக்குரிமைகூட இல்லை! 1906 ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

மேலிடத்தாரோடு ஏற்பட்ட பூசல்களால் வைலி 1912-இல் பதவி விலகினார். 1930-ஆம் ஆண்டு, அதே ஜூன் 30 அன்று காலமானார்.