ஓட்டைத் துப்பாக்கியை விற்றுக் கோட்டை கட்டியவர்!

நியூயார்க் நகரில் ரயில் ஏறி, ஹட்சன் ஆற்றின் ஓரமாக வடக்கே போனால், சுமார் 80 கிலோமீட்டர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் ஒரு காட்சி தெரியும்.

ஆற்றுக்குள் ஒரு குட்டித் தீவு. அதில் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டை. முதல் தடவை பார்க்கிறவர்கள், எந்த ராஜா இங்கே இருந்தார் என்று பக்கத்து சீட்காரரைக் கேட்பார்கள்.

ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. அதைக் கட்டியவர் ஒரு வியாபாரி. பட்டாளம் கழித்துப் போட்ட துப்பாக்கி, வாள், பீரங்கி, சேணம், பொத்தான் எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து விற்றவர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் காயலான் கடைக்காரர்!

அவர் பெயர் பிரான்சிஸ் பானர்மேன். 19-ம் நூற்றாண்டுப் போர்ச் சாமான்களைச் சேர்க்கிற பொழுதுபோக்கு அமெரிக்காவில் வேர் பிடித்ததற்கு இவருடைய கடை ஒரு பெரிய காரணம்.

பத்து வயசில் குடும்பப் பாரம்

பானர்மேன் பிறந்தது ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ என்ற ஊரில். தேதி 1851 மார்ச் 24.

'பானர்' என்றால் கொடி. 1314-ல் பானக்பர்ன் போரில் தங்கள் முன்னோர் ஒருவர், கொடி எதிரி கையில் சிக்காமல் காப்பாற்றினார், அதனால் ராஜா ராபர்ட் புரூஸ் இந்தப் பெயரைக் கொடுத்தார் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. மூத்த பையனுக்குப் பிரான்சிஸ் என்றே பெயர் வைப்பதும் அவர்கள் வழக்கம்.

பெயர்தான் பெரிசு. கையில் காசு இல்லை. 1854-ல், பையனுக்கு மூணு வயசு இருக்கும்போது, குடும்பம் கப்பல் ஏறி அமெரிக்கா வந்தது. பிறகு நியூயார்க்கை அடுத்த புருக்ளினில் குடியேறியது. அங்கே கடற்படையின் கப்பல் தளம் இருந்தது. கடற்படை வேண்டாம் என்று ஏலம் விடுகிற சாமான்களை வாங்கி விற்பதுதான் அப்பாவின் தொழில்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கும் தெற்கும் மோதின. அப்பா வடக்குப் படையில் சேர்ந்து கிளம்பிவிட்டார்.

மகனுக்கு வயசு பத்து. பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு! துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்குப் போய் பேப்பர் விற்றான். மற்ற நேரத்தில் கொக்கி கட்டிய கயிற்றைத் தண்ணீரில் போட்டு இழுப்பான். அறுந்த சங்கிலி, ஓடிந்த நங்கூரம், நைந்த கயிறு, எது மாட்டினாலும் லாபம். பழைய சாமான் கடைக்காரர்களிடம் போட்டுக் காசாக்கினான்.

குப்பையிலும் காசு இருக்கிறது என்ற பாடத்தை அந்தப் பையன் தண்ணீருக்குள்ளிருந்துதான் படித்தான்.

மலை மலையாய் துப்பாக்கி

1865-ல் போர் முடிந்தது. அரசாங்கத்தின் கிடங்குகளில் துப்பாக்கிகள் மலை மலையாய்க் குவிந்து கிடந்தன.

அதில் பெரும்பாலானவை வாய் வழியாகக் கெட்டிக்கிற ரகம். குழாயின் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பிறகுதான் சுட முடியும். நல்ல பழக்கமுள்ள சிப்பாயே நிமிஷத்துக்கு மூணு தடவைதான் சுடலாம்.

போர் முடிகிற நேரத்தில், பின்பக்கம் தோட்டா போடுகிற துப்பாக்கி வந்துவிட்டது. அவ்வளவுதான். பழைய ரகத்துக்கு மவுசு போயிற்று.

அரசாங்கம் ஏலம் போட்டது. ஏலத்துக்கு வந்த பழைய சாமான் வியாபாரிகள் எடைக்கு எடை கணக்குப் போட்டார்கள். பீரங்கியில் வெண்கலம் எவ்வளவு தேறும், குண்டில் ஈயம் எவ்வளவு தேறும் என்பதே அவர்கள் கவலை. வாங்கியதும் உடைப்பது, உருக்குவது. இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற கணக்குதான்!

பானர்மேன் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். முழுசாக இருக்கிற துப்பாக்கி, உருக்கிய இரும்பைவிட ரெண்டு மடங்கு மூணு மடங்கு விலை போகாதா?

போயிற்று.

நாடகக் கொட்டகைக்காரர்களுக்குப் போர்க் காட்சிக்குத் துப்பாக்கி வேண்டும். படம் வரைகிறவர்களுக்கு அந்தக் காலத்து உடுப்பு வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அணிவகுப்புப் பழக எடை குறைந்த துப்பாக்கி வேண்டும். போருக்குப் போய்த் திரும்பியவர்கள் சங்கம் வைத்தார்கள். சங்கத்து வாசலில் நிறுத்த ஒரு பீரங்கி வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு வாள் வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே விலாசம், பானர்மேன் கடை!

1872-ல் சரக்கு வாங்க ஐரோப்பா போனவர், அயர்லாந்தில் ஹெலன் பாய்ஸ் என்ற பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். மூணு ஆண் பிள்ளைகள். வழக்கப்படி மூத்தவன் பெயர் பிரான்சிஸ்!

ஏழு மாடிக் கடை

1897-ல் கடை புருக்ளினில் இருந்து நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்தது. நம்ம பிராட்வே இல்லை, அந்த ஊர் பிராட்வே! 1905-ல் அதே தெருவில் 501-ம் நம்பர் கட்டடத்தை வாங்கினார். ஏழு மாடி. கடையா, மியூசியமா என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் ஈட்டி, ஒரு பக்கம் கேடயம், நடுவில் பீரங்கி.

அதைவிடப் பெரிய காரியம் அவர் போட்ட விலைப் புத்தகம். முந்நூறு பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு சாமானுக்கும் படம், விலை, அது எந்தப் போரில் இருந்து வந்தது என்ற விவரம். ஊர் ஊராகத் தபாலில் போயிற்று. துப்பாக்கி வாங்க வசதி இல்லாதவர்கள்கூட அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தார்கள். பழைய ஆயுதம் சேர்க்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வியாபாரி வியாபாரிதான். ஒரு துப்பாக்கியின் குழாய், இன்னொன்றின் கட்டை, மூணாவதின் விசை என்று உதிரிகளைச் சேர்த்துப் பொருத்திய சரக்கும் அவருடைய கடையில் விற்றது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். அந்தப் போர்க்காலத்து ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கி என்றால், விசைத் தகட்டில் வருஷம் பொறித்திருக்கும். மரக் கட்டையில், சோதித்த அதிகாரியின் பெயர் எழுத்து முத்திரையாக விழுந்திருக்கும். அது ரெண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே காசை எடுப்பார்கள்.

தயவுசெய்து இன்னொன்றும் செய்ய மாட்டார்கள். துரு போகட்டும் என்று உப்புத் தாளைப் போட்டுத் தேய்க்க மாட்டார்கள். முத்திரை அழிந்தால் பாதி விலை போயிற்று!

கோர்ட்டில் தோல்வி

கில்லாடி வியாபாரிக்கும் சறுக்கல் உண்டு. 1890-ல் பானர்மேன், ஸ்பென்சர் கம்பெனியின் துப்பாக்கித் தொழிலை வாங்கினார். முன்னும் பின்னும் இழுத்துச் சுடுகிற வேட்டைத் துப்பாக்கிக்கு அந்தக் கம்பெனி உரிமை வைத்திருந்தது.

1893-ல் வின்செஸ்டர் கம்பெனி அதே மாதிரி ஒரு துப்பாக்கியை வெளியிட்டது. பானர்மேன் விடவில்லை. வழக்குப் போட்டார்.

வின்செஸ்டர்காரர்கள் ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பித் தேடினார்கள். இந்த யோசனை அங்கே முன்பே பதிவாகி இருந்தது! பழைய காகிதம் கோர்ட்டுக்கு வந்தது. பானர்மேன் தோற்றார். பழசை விற்றே பணம் பண்ணியவரை, ஒரு பழசு கவிழ்த்துவிட்டது.

தீவு கிடைத்தது

1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர். ஸ்பெயின் தோற்றது. அதனிடம் பிடிபட்ட ஆயுதங்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் பத்தில் ஒன்பது பங்கை பானர்மேன் ஒருவரே எடுத்தார். தோட்டா மட்டும் மூணு கோடி என்று சொல்வார்கள்.

சாமான் வந்தது. வைக்க இடம்? நகரத்துக்குள் இத்தனை வெடிமருந்தை வைக்க முடியுமா? அக்கம்பக்கத்தார் சும்மா விடுவார்களா?

அவருடைய மகன் டேவிட், ஹட்சன் ஆற்றில் படகு விட்டபோது, ஆளில்லாத ஒரு தீவைப் பார்த்தான். பெயர் பாலபெல். ஆறரை ஏக்கர் பாறை. பேய் உலவுகிற இடம் என்று பழைய கதைகள் உண்டு. 1900-ல் பானர்மேன் அதை வாங்கினார். விற்றவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தீவில் சாராயம் விற்கக் கூடாது. பானர்மேனுக்கு அதில் கஷ்டமே இல்லை. அவர் பைபிளும் கையுமாக இருக்கிறவர்!

1901-ல் வேலை ஆரம்பம். இன்ஜினீயர் இல்லை. கையில் கிடைத்த காகிதத்தில் அவரே கிறுக்கிக் கொடுப்பார், மேஸ்திரி கட்ட வேண்டியது. சொந்த நாட்டுக் கோட்டை மாதிரி கோபுரம், அகழி, பாலம். காங்கிரீட்டுக்குள் கம்பிக்குப் பதிலாகப் பட்டாளத்தின் பழைய இரும்புக் கட்டிலைப் போட்டார். அலைத் தடுப்புக்குப் பழைய படகுகளை மூழ்கடித்தார். எதையும் வீணாக்கவில்லை.

சுவரில் ஆள் உயர எழுத்தில், பானர்மேன் தீவு ஆயுதக் கிடங்கு என்று எழுதினார். ரயிலில் போகிறவன், கப்பலில் போகிறவன் எல்லார் கண்ணிலும் படும். ஓசியில் விளம்பரம்!

மனசில் ஒரு முள்

இத்தனை ஆயுதம் விற்றவருக்கு ஓர் ஆசை இருந்தது. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். உலகத்தில் சண்டையே ஒழிய வேண்டும், தான் சேர்த்த ஆயுதங்கள், மறந்துபோன கலை என்று மியூசியத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அதே கிடங்கில், சுவரில் மாட்டுகிற துப்பாக்கியும் இருந்தது, சுடுகிற தோட்டாவும் இருந்தது. ரெண்டும் அவருக்குச் சரக்குதான்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஆயுதம் மறந்துபோகவில்லை. முன்னைவிட நூறு மடங்கு கொடுமையாகத் திரும்பி வந்தது. போரில் அடிபட்ட பெல்ஜியம் நாட்டு மக்களுக்குத் துணிமணி சேர்த்து அனுப்ப, முதுமையில் ஓடி ஓடி உழைத்தார். உடம்பு தாங்கவில்லை.

1918 நவம்பர் 11-ல் போர் ஓய்ந்தது. நவம்பர் 26-ல் பானர்மேன் கண்ணை மூடினார். வயசு 67.

வெடித்தது கிடங்கு

அவர் போய் ரெண்டு வருஷம் ஆகவில்லை. 1920 ஆகஸ்டில் ஒரு நாள், தீவின் மருந்துக் கிடங்கு படார் என்று வெடித்தது. ஒரு சுவர் அப்படியே பறந்து, கரையில் ரயில் பாதை மேல் விழுந்தது. சுற்று வட்டாரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஊஞ்சல் வலையில் படுத்திருந்த ஹெலன் அம்மாள், சற்று முன்புதான் எழுந்து போயிருந்தார். உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

பிறகு அந்தத் தீவு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1950-ல் புயலில் தீவின் படகு மூழ்கியது. 1967-ல் தீவு நியூயார்க் மாநில அரசின் கைக்கு வந்தது. சாமான்களை வெளியேற்றினார்கள். 1969 ஆகஸ்ட் 8-ல் தீ பிடித்துக் கூரையும் தளமும் போயின. 2009 டிசம்பரில் சுவர்களின் பெரும் பகுதி சரிந்தது. மிச்சத்தை ஒரு தொண்டு அமைப்பு பாதுகாத்து, கோடைக் காலத்தில் மக்களைப் படகில் அழைத்துப் போய்க் காட்டுகிறது.

கோட்டை போயிற்று. ஆனால் அவர் உருக்காமல் விட்ட துப்பாக்கிகளும் வாள்களும், மியூசியங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. சுட முடியாத ஆயுதம் நின்றது. வெடிக்கத் தயாராக இருந்த மருந்துதான் வீட்டையே இடித்தது.

ஹட்சன் கரை ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்தச் சுவரைப் பார்க்கிறார்கள். எழுத்துகள் பாதி மிச்சம் இருக்கின்றன. விளம்பரத்துக்கு இன்னும் வாடகை கிடையாது!